காடியக்காவும் கண்ணாடி ஊசிகளும்

காடியக்கா பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகிவிடும். எந்தச் சோப்பைப் போட்டு எத்தனை தரம் தேய்த்துக் குளித்தாலும், காடிப் பாட்டிலைத் திறந்து வைத்ததுபோல ஒரு புளிப்பு வாசனை அவளை விட்டுப் போகாது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. கட்டினவர் 'இந்தா' என்பார், நாத்தனார் 'அண்ணி' என்பாள், மற்ற உலகத்துக்கெல்லாம் அவள் காடியக்கா.

அவள் வேலை கல்லைக் கரைப்பது. யாராவது கேட்டு அவள் இப்படிப் பதில் சொன்னால், "கல்லும் கரைய அழுவீங்களோ?" என்று கேலி செய்வார்கள். அழுவதற்கெல்லாம் அவளுக்கு நேரம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் கல்லைப் பற்றிப் படிக்கிற கட்டடம் ஒன்று உண்டு. அதன் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், காற்றாடி ஓயாமல் சுற்றுகிற கடைசி அறை அவளுடையது. வரிசையாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் வாளி. சுண்ணாம்புக் கல்லைச் சுத்தியலால் எலுமிச்சை அளவுக்கு உடைத்து வாளியில் போட்டு, தண்ணீர் கலந்த அமிலத்தை ஊற்றுவாள். கல் நாள் கணக்கில் நுரைத்துக்கொண்டே கிடக்கும். சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோக, கரையாத பிடிவாதக்காரச் சங்கதிகள் மட்டும் அடியில் சேறாகத் தங்கும். அந்தச் சேற்றைக் கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள் கொண்ட சல்லடையில் அலசி, உலர்த்தி, கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஒற்றை முடி தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள்.

எதைப் பொறுக்குவாள் என்றால், ஊசியை.

கடற்பஞ்சு என்று ஒன்று உண்டு. பார்த்தவர்கள் செடி என்பார்கள். செடியில்லை, பிராணி. வாய் கிடையாது, வயிறு கிடையாது, கால் கிடையாது, அதனால் எவரோடும் சண்டையும் கிடையாது. உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டை வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் கிடைத்ததைத் தின்றுவிட்டு, வேறொரு பெரிய ஓட்டை வழியாக வெளியே விடும். அவ்வளவுதான் பிழைப்பு. ஆனாலும் நிமிர்ந்து நிற்க வேண்டாமா? அதற்காகத் தண்ணீரில் கரைந்திருக்கிற மணல் சத்தை எடுத்து, அடுப்பில்லாமல் உலையில்லாமல், தானே கண்ணாடி ஊசி செய்துகொள்ளும். கொத்தனார் சாரம் கட்டுகிற மாதிரி அந்த ஊசிகளை உடம்புக்குள் அடுக்கிவைத்துக்கொள்ளும். சில வகைகள் கண்ணாடிக்குப் பதில் சுண்ணாம்பில் செய்யும். இன்னும் சில, ஊசியே வேண்டாமென்று வெறும் நாரை வைத்துக் காலத்தை ஓட்டும். செத்த பிறகு சதை போய்விடும், ஊசிகள் சேற்றில் கொட்டிக் கிடக்கும், சேறு கல்லாகும். அந்தக் கல்தான் கோடி கோடி ஆண்டு கழித்துக் காடியக்காவின் வாளிக்கு வரும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அறைக்கு அவள் தரை துடைக்கத்தான் வந்தாள். அப்போதிருந்தவர்கள் பெரிய ஓட்டைச் சல்லடையில் அலசிவிட்டு மிச்சச் சேற்றைக் கழுவும் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். ஒரு நாள் தொட்டியைத் தேய்த்தபோது விரலில் சுருக்கென்று குத்தியது. விரலைப் பிடித்துக்கொண்டே மாடியேறிப் போய், தொட்டியில் கண்ணாடி உடைத்தது யார் என்று கேட்டாள். யாரும் உடைக்கவில்லை என்றார்கள். உடைக்காமலா குத்தும் என்று அவள் நகரவில்லை. தொந்தரவு தாங்காமல் விரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று பஞ்சு ஊசிகள், ஒவ்வொன்றும் பல கோடி வருஷத்து வயசு. அத்தனை வருஷமாக அந்தக் கூட்டம் தொட்டியில் கொட்டிக் கழித்தது அதைத்தான். அடுத்த வாரம் துடைப்பத்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, காடியக்காவுக்கு ஒரு முக்காலி போட்டார்கள்.

கல்யாணமும் அந்தத் தொட்டியால்தான் நடந்தது. அவள் ஊற்றி ஊற்றிவிட்ட அமிலம் இரும்புக் குழாயை அரித்துத் தின்றுவிட, பழுது பார்க்க ஒரு குழாய்க்காரர் வந்தார். வந்தவர் குழாயைப் பார்த்துவிட்டு, இதை எந்தப் புண்ணியவதி இந்தக் கதிக்கு ஆளாக்கினது என்று கேட்டார். அந்தப் புண்ணியவதி பின்னாலேயே நின்றிருந்தாள். பிளாஸ்டிக் குழாய் மாட்ட அரை நாள் போதும். அவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா.

சரி, விஷயத்துக்கு வருவோம். காடியக்காவுக்கு மேலே இருந்த பேராசிரியை அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஒல்லியாக, வேகவேகமாகப் பேசுவாள். பத்து வருஷமாக அவள் தலையில் ஒரே கேள்வி. பிராணிகளின் உடம்புக்குள்ளே பரம்பரையாக இறங்கிவருகிற மரபணுக் கணக்கைப் பார்த்தால், கடற்பஞ்சு எழுபது கோடி வருஷத்துக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். கல்லில் பார்த்தாலோ, எல்லாரும் நம்புகிற ஊசி ஐம்பத்து நாலு கோடி வருஷத்துக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. நடுவே இத்தனை கோடி வருஷம் பஞ்சின் எலும்பான அந்த ஊசி எங்கே போனது? ஊசி இருந்தது, கரைந்துபோய்விட்டது என்று ஒரு கட்சி. ஆரம்பத்தில் பஞ்சுக்கு ஊசியே இல்லை, பிற்பாடுதான் கற்றுக்கொண்டது என்று இன்னொரு கட்சி. மாமியார் வீடும் பிறந்த வீடும்போல இரண்டு கட்சியும் ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை. பேராசிரியை முதல் கட்சி. பழைய கல்லில் ஒரே ஒரு ஊசி கிடைத்தால் போதும் என்று மலை மலையாக ஏறி, ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக் கல்லைக் கொண்டுவந்து வாளியில் போட்டிருந்தாள்.

அந்தக் கல்லில் நாற்பத்தொரு ஊசி கிடைத்தது.

முதல் ஊசியைக் காடியக்கா சாதாரணமாகப் பொறுக்கித் தனியே வைத்தாள். பத்தாவது வந்ததும் மாடிக்கு ஆள் அனுப்பினாள். பேராசிரியை ஓடிவந்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் படிகம்கூட ஊசி வேஷம் போடும், அதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் பஞ்சு செய்த ஊசிக்கு ஒரு அடையாளம் உண்டு. மெல்லிய இழை ஒன்றைச் சுற்றித்தான் பஞ்சு கண்ணாடியை வளர்க்கும். அதனால் ஊசிக்கு நடுவே நீள நெடுக ஒரு நூல் ஓட்டை இருக்கும். படிகத்துக்கு அது இருக்காது. நாற்பத்தொன்றிலும் ஓட்டை இருந்தது. பேராசிரியை முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க முழுப் பேரு என்னக்கா?"

காடியக்காவுக்கு ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

புதிய பிராணியைக் கண்டால் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டவர்களுக்கு. இந்தப் பஞ்சுக்குக் காடியக்காவின் சொந்தப் பெயரை, கடைசியில் லத்தீன் வால் ஒன்று ஒட்டி, வைக்கப்போவதாகப் பேராசிரியை சொன்னாள். ஒரு மாதத்தில் கட்டுரை அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாள். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது, பக்கத்து இருக்கை காலியாகவே இருந்ததால், காடியக்கா வால் ஒட்டின தன் பெயரைச் சன்னமாக ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ரகசியம் என்று சொல்லித்தான் நாத்தனாரிடம் சொன்னாள். அங்கேதான் தப்பு. நாத்தனாருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். விடிவதற்குள் ரொட்டிக்கடைக்காரர், தையற்காரி, மூன்றாம் மாடிக் கிழவர் எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. அண்ணி பேரில் ஒரு ஜந்துவாம், உலகம் இருக்கிற வரைக்கும் அழியாதாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் பண்ணணுமாம் என்று ரேடியோ தன் பங்குக்குக் கண்ணும் மூக்கும் வைத்துச் சேர்த்துக்கொண்டாள். காடியக்கா மறுக்கவில்லை. குழாய்க்காரர் மட்டும், வாயில்லாத பிராணிக்குப் போய் இவள் பேரை வைக்கிறார்களே, பொருத்தம் பார்க்க மாட்டார்களா என்று கேட்டு, அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ள நேர்ந்தது.

இரண்டு வாரம் காடியக்கா தரையில் கால் பாவாமல் நடந்தாள். ஒன்றே ஒன்று மட்டும் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது. ஊசிகள் ரொம்பச் சுத்தமாக இருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பொறுக்கின பழைய ஊசி ஒவ்வொன்றும் மங்கிப்போய், முனை ஒடிந்து, நடு ஓட்டை விரிந்து, பட்ட பாட்டை உடம்பில் எழுதிவைத்திருக்கும். இவையோ இப்போதுதான் துடைத்துவைத்த கண்ணாடித் தம்ளர் மாதிரி பளபளவென்று இருந்தன. பேராசிரியையிடம் சொன்னாள். அதுதான் இந்தக் கல்லின் அதிசயம் என்றாள் பேராசிரியை. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காடியக்கா வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

அந்த வாரம் கல்லைப் படிக்கிற கட்டடத்தில் குழாய்களில் தண்ணீர் நூலாக வந்தது. பழுது பார்க்கக் குழாய்க்காரரையே கூப்பிட்டார்கள். மொட்டைமாடித் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து இரண்டு கையையும் சொறிந்துகொண்டே இருந்தார். முழங்கை வரை சிவந்திருந்தது. தொட்டி மூடி உடைந்து வெயில் உள்ளே விழுகிறதாம். குழாய் வாயில் பச்சையாகக் கெட்டியாக ஏதோ அப்பிக்கொண்டிருந்ததாம், பாசி என்று நினைத்துக் கையாலேயே வழித்தாராம், பாசி ஒரு நாளும் இப்படி அரிக்காதே என்றார்.

காடியக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி விளக்கில் பார்த்தாள். விரலில் சுருக்கென்று குத்தினது என்ன என்று முன்பொரு தரம் கண்டவள் அல்லவா அவள். கேட்டால் நம்ப மாட்டீர்கள், கட்டினவரின் அரிப்புக்கு மருந்து தேடாமல், அவர் சாமான் பைக்குள் தலையை விட்டு, குழாய் முறுக்கியின் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த பச்சையைத் தேடிச் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் மடித்துவைத்தாள்.

மறுநாள் காலையில் அதை வெளுக்கும் சலவைத் திரவத்தில் போட்டுச் சதையைப் போக்கி, மிச்சத்தை நுண்ணோக்கியில் வைத்தாள். ஊசி. குவியல் குவியலாக ஊசி. கடலில் மட்டுமில்லை, ஏரித் தண்ணீரிலும் பஞ்சு வளரும். ஏரியிலிருந்து குழாய் வழியாக வந்து தொட்டியில் குடியேறியிருந்தது ஒன்று. அதே நீளம், அதே மெல்லிய வளைவு, இரண்டு பக்கமும் அதே கூர்மை, நடுவே அதே நூல் ஓட்டை. நாற்பத்தொன்றையும் பக்கத்தில் வைத்து, எங்கேயாவது ஒரு வித்தியாசம் கிடைக்காதா என்று சாயங்காலம்வரை தேடினாள். மறுநாளும் தேடினாள். வாழ்நாளில் எதையும் அப்படி ஆசையாகத் தேடினதில்லை. கிடைக்கவில்லை.

தொட்டித் தண்ணீர் எப்படிக் கல்லுக்குள் போனது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். சட்டத்தைப் போட்டவளே அவள்தான். மாணவர்கள் யாராவது குழாயைத் திறந்தால் கையில் ஒரு போடு போடுவாள். ஆனால் வடிக்கும் இயந்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். அந்தக் கல்லை அலசின செவ்வாய்க்கிழமை பேராசிரியை ஆச்சா ஆச்சா என்று நாலு முறை வந்து கேட்டுவிட்டாள். காடியக்கா குழாய்த் தண்ணீரை நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டி ஊற்றிவிட்டாள். நாலு மடிப்புத் துணியில் எறும்புகூட நுழையாது. ஆனால் ஊசி படுத்துக்கொண்டா வரும்? தலைகீழாக நின்று நுழைந்து வந்துவிட்டது.

கட்டுரை வெள்ளிக்கிழமை போகிறது. அன்று புதன்.

குழாய்க்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கைக்குக் களிம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"இப்ப சொல்லலைன்னா என்ன ஆகும்?"

"பேர் நிக்கும்."

"நின்னுட்டுப் போகட்டுமே. ஆனா அது அந்தக் காலத்துப் பஞ்சு மேல நிக்காது, இந்தா. நான் முந்தாநாள் வழிச்சுப் போட்ட அழுக்கு மேல நிக்கும். பரவாயில்லையா?"

காடியக்கா களிம்பு டப்பாவை வாங்கி மூடிவைத்தாள். பெயர் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை, பரவாயிருந்தது. அதைவிட, இருபத்திரண்டு வருஷமாக ஒரு தூசியை உள்ளே விட்டதில்லை என்று மார்தட்டின வாயால், 'நான்தான் விட்டேன்' என்று சொல்ல வேண்டும். ரேடியோ வேறு தெருவையே கூட்டிவைத்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஊசியைப் போயா மறைக்க முடியாது என்று கெஞ்சியது. ஆனால் அவள் பிறவிப் பிடிவாதக்காரி. அடுத்தவர் தப்பை இருபத்திரண்டு வருஷம் விடாதவளுக்குத் தன் தப்பையும் விடத் தெரியவில்லை.

வியாழன் காலை, தொட்டி ஊசி ஒரு தட்டு, கல் ஊசி ஒரு தட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள். எது எதென்று சொல்லாமல் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, பார்க்கச் சொன்னாள்.

"இதுல எது கல்லு, எது நம்ம மொட்டைமாடித் தொட்டின்னு சொல்லுங்க மேடம்."

பேராசிரியை பார்த்தாள். தட்டை மாற்றிப் பார்த்தாள். திரும்ப மாற்றினாள்.

"குழாய்த் தண்ணியில அலசினது நான்தான்," என்றாள் காடியக்கா. "துணி போட்டு வடிகட்டினேன். போதும்னு நினைச்சேன்."

"எத்தனை தடவை?"

"ஒரே தடவை."

"ஒரு தடவைக்கு நாற்பத்தொண்ணு," என்றாள் பேராசிரியை. பிறகு, தான் தனியாக இருக்க வேண்டும் என்றாள்.

மூன்று நாள் பேராசிரியை கீழே வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து போனது, கட்டுரை போகவில்லை. காடியக்கா பன்னிரண்டு வாளியையும் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, முக்காலியை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். நான்காவது நாள் காலை பேராசிரியை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கல்லை மேஜையில் வைத்தாள். அதே கல்லின் மிச்சப் பாதி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மறுபடி கரைக்கலாம்க்கா. தண்ணிய ரெண்டு தடவை வடிப்போம். அவசரப்படுத்த மாட்டேன்."

பத்தொன்பது நாள் ஆனது. சொட்டுச் சொட்டாக வடிந்த தண்ணீருக்கு முன்னால் இரண்டு பேரும் தேவுடு காத்தார்கள். கடைசியில் தட்டைப் பரப்பிப் பார்த்தால், கொஞ்சம் களிமண், பித்தளைத் தூள் மாதிரி மினுங்கும் நாலு குறுமணி. ஊசி ஒன்றுமில்லை. காடியக்கா ஒன்றுக்கு மூன்று முறை தேடினாள். சுத்தமாக ஒன்றுமில்லை.

பேராசிரியை அந்த வெறும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, சுண்ணாம்பில் செய்த ஊசி இருந்திருந்தால் அமிலம் அதையும் தின்றிருக்கும், கண்ணாடி ஊசியைத் தின்றிருக்காது, ஆக ஒரு கல்லை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டாள். போட்டுவிட்டு, அந்தக் காலத்துப் பஞ்சு எலும்பே இல்லாமல் சொதசொதவென்றுதான் கிடந்திருக்குமோ, ஊசி செய்யும் வித்தையை ஒவ்வொரு குடும்பமும் பிற்பாடு தனித்தனியாகக் கற்றுக்கொண்டதோ என்னவோ என்று மெல்லச் சொன்னாள். எதிர்க்கட்சியின் பேச்சு அது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வந்தது. சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகுதான் காடியக்கா எதிர்பாராத பேச்சு ஒன்று வந்தது. இந்தத் தப்பைக் கட்டுரையாக எழுத வேண்டும் என்றாள் பேராசிரியை. எங்கெங்கோ எத்தனையோ அறையில் எத்தனையோ பேர் குழாயைத் திறந்துகொண்டிருப்பார்கள். தொட்டிக்குள் பஞ்சு வளரும், அதன் ஊசி துணிக்குள் நுழையும், பார்த்தால் பழசு மாதிரியே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேர் பெயரும் போட்டு எழுதலாம். முழுப் பெயர்.

காடியக்கா முடியாது என்றாள். நல்லதுக்கு வராத பேர் கெட்டதுக்கு மட்டும் அச்சில் வரணுமா என்று கேட்டாள். இரண்டு நாள் அதே பிடிவாதம். மூன்றாம் நாள் அவளே மாடியேறிப் போய், எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னாள். 'நான்கு மடிப்புத் துணி' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, பருத்தித் துணி என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் எவளாவது பட்டுத் துணியில் வடிகட்டிப் பார்ப்பாள் என்றாள். தொட்டியைக் கண்டுபிடித்தது குழாய்க்காரர், அவருக்குக் கடைசியில் ஒரு நன்றி போட வேண்டும் என்றாள். பேராசிரியை எழுதிக்கொண்டாள்.

அச்சாகி வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது, ரேடியோ வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். தெருவில் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது, பேர் வைத்தார்களா இல்லையா என்றாள். காடியக்கா தாளை விரித்து, தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இந்தப் பஞ்சுக்கா அண்ணி?"

"பஞ்சுக்கு இல்ல. நான் பண்ணின ஒரு தப்புக்கு."

பிறகு, தொட்டி, துணி, கல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். நேற்று முளைத்ததை ஐம்பத்தைந்து கோடி வருஷத்துப் பழசு என்று எடுத்துக் கொடுத்ததையும் சொன்னாள். ரேடியோ வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இனி தெருவில் தலைகாட்ட முடியாது என்று காடியக்கா நினைத்த அதே நிமிஷம், ரேடியோ முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சற்று நேரத்தில் ரொட்டிக்கடை வாசலில் அவள் குரல் கேட்டது.

"நீங்களும் நானும் தப்புப் பண்ணினா என்ன, உப்பு ஒரு கை கூடும். எங்க அண்ணி பண்ணினது ஐம்பத்தஞ்சு கோடி வருஷத் தப்பு. அச்சுல போட்டிருக்கான் பாருங்க."

காடியக்கா சன்னலைச் சாத்தப் போனாள். சாத்தாமல், ரொட்டிக்கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.